எங்கள் புதன்கிழமைக் கூட்டம்

2021 நவம்பர் 1ஆம் தேதி, தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் மறுபடியும் திறந்தன. கொரோனாவால் ஏறக்குறைய 20 மாதம் மூடிக் கிடந்த பிறகு வந்த நாள். வேளச்சேரியில் எங்கள் தெரு முழுக்க ஆட்டோ ஹாரனும் புதுச் சீருடையுமாக இருந்தது. என் மகள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஏழரை வயது, மகனுக்கு நான்கு. அவர்களைப் பள்ளிக்கு அனுப்பப் போவதில்லை என்று நானும் கணவரும் ஒரு மாதம் முன்பே முடிவு செய்திருந்தோம்.

ஏன் அப்படி முடிவு செய்தோம் என்பது தனிக்கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இங்கே சொல்ல வந்தது அதற்குப் பிறகு வந்த பிரச்சினையை.

படிப்பு நன்றாகவே போனது. காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தமிழும் கணக்கும் ஆகிவிடும். மீதி நாள் சமையலறையிலும் மாடித் தோட்டத்திலும் புத்தகங்களிலும் கழியும். ஆனால் நான்கு மணியானால் மகள் பால்கனிக்குப் போய்விடுவாள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பால் குடித்துவிட்டு டியூஷன் போய், ஏழு மணிக்குத்தான் கீழே வருவார்கள். அதுவும் அரை மணி நேரம். “இன்னிக்கு யாராவது வருவாங்களாம்மா?” என்று தினமும் கேட்பாள்.

மாமியாருக்கு எங்கள் முடிவில் சம்மதம் இல்லை. ஆனால் அவர் ஒரு நாள் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. “ஏம்மா, படிப்பை நீ சொல்லிக் குடுத்துடுவே. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. சண்டை போட இதுங்களுக்கு யாரு கிடைப்பா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இரவே தேட ஆரம்பித்தேன்.

வீட்டுக்கல்விக் குடும்பங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். பெயரளவில் கண்டுபிடிப்பது சுலபம்தான். ஸ்வசிக்ஷண் என்று இந்திய அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டபோது, நாடு முழுக்க நம்மைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்று பெரிய ஆறுதல். ஒருவர் மூலம் ஒருவராக மூன்று வாட்ஸ்ஆப் குழுக்களில் சேர்ந்தேன். காலை எழுந்தால் நூறு செய்தி இருக்கும். எந்த ஓர்க்புக் நல்லது, எந்த வயதில் பெருக்கல், டி.சி. வாங்காமல் விட்டால் என்ன ஆகும். எல்லாமே பயனுள்ளவைதான். ஆனால் அந்த நூற்றுக்கணக்கான பேரில் ஒருவர்கூட என் மகளோடு பாண்டி ஆட வரக்கூடிய தூரத்தில் இல்லை.

அந்தக் குழுக்கள் தந்த பெரிய உதவி, பயத்தைக் குறைத்தது. “இது சட்டப்படி சரியா?” என்பதுதான் உறவினர் எல்லோரும் கேட்ட கேள்வி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிச் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. வீட்டுக்கல்வியைப் பற்றியும் அதில் பேச்சில்லை. பல குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் வருடக்கணக்கில் வாழ்ந்து வருகின்றன. அதை ஒளிவுமறைவில்லாமல் எனக்குச் சொன்னது, மூத்த பிள்ளையைக் கல்லூரிக்கே அனுப்பிவிட்ட ஓர் அம்மா. தேர்வு வழியையும் அவர்தான் விளக்கினார். ஓபன் ஸ்கூல் என்று நாம் சொல்லும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம் தேறினால் போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு. அதற்கு முன்பே எழுத வைக்க நினைத்தால் நம் மாநிலத்தின் இ.எஸ்.எல்.சி. இருக்கிறது. 12½ வயது முடிந்த யாரும் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். இதெல்லாம் தெரிந்த பிறகு மாமியாரின் மற்ற கேள்விகளுக்கு என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடிந்தது. சண்டைக் கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

நேரில் கூடும் குழுக்களைத் தேடிப் போனதில் முதலாவது, நகரின் இன்னொரு கோடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்ட அறையில். பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “எந்த போர்டு?” கேம்பிரிட்ஜ் தேர்வுக்கும் ஓபன் ஸ்கூலுக்கும் பாடவாரியாக ஆசிரியர்களை வைத்து, செலவைப் பகிர்ந்துகொள்ளும் குழு அது. 13 வயதுப் பிள்ளை இருந்தால் நான் அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பேன். அவ்வளவு ஒழுங்கு, அவ்வளவு உழைப்பு. ஆனால் எட்டு வயதுக்காரி ஒரு மூலையில் உட்கார்ந்து, பெரிய பிள்ளைகள் வேதியியல் சமன்பாடு எழுதுவதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

இரண்டாவது குழுவைப் பற்றிச் சொல்லும்போது இன்றும் மனம் கொஞ்சம் கனக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தோட்டம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அன்ஸ்கூலிங் குடும்பங்கள், பாடத்திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் பிள்ளையின் ஆர்வத்தின் பின்னால் போகிறவர்கள். கொள்கையில் எனக்கு மிக நெருக்கமானவர்கள் அவர்கள்தான். மரமேற, மண்ணில் புரள, களிமண் பிசைய எந்தத் தடையும் இல்லை. முதல் முறை போய்வந்த இரவு, இனித் தேட வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன்.

மூன்றாவது முறை போய்விட்டுத் திரும்பும்போது மகன் காரில் கேட்டான். “அம்மா, நான் பேசினா ஏன் அவங்க என்னையே பார்க்கிறாங்க?”

அங்கே எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். நானும் பேசிக்கொண்டிருந்தேன், அதனால் எனக்குத் தட்டுப்படவில்லை. எங்கள் வீட்டில் பேசுவது தமிழ். ஐந்து வயது மகனுக்குக் கதையும் கோபமும் தமிழில்தான் வரும். அங்கே அவன் பேச்சைக் குறைத்து, சைகையில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான். யாரும் அவனை ஒதுக்கவில்லை. யார் மீதும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சென்னையில் வீட்டுக்கல்வி என்பது பெரும்பாலும் ஆங்கிலம் பேசும், வசதியுள்ள வீடுகளின் காரியமாகவே இருக்கிறது. நான் போய்ப் பார்த்த இடங்களில் எல்லாம் இதைக் கண்டேன். பள்ளிக்கூடத்தின் மொழித் திணிப்பிலிருந்து பிள்ளையை விலக்கி வந்துவிட்டு, விளையாட்டில் அதையே அவன் மேல் ஏற்றுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. தூரமும் ஒரு காரணம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மாதம் ஒரு நாள் பார்த்தால் பிள்ளைகளுக்கு முகம்தான் பழகும். சண்டை போட்டுச் சமாதானமாகும் அளவுக்கு நட்பு வராது.

இன்னொரு குழு ஒரே சமய வழிபாட்டை மையமாக வைத்தது. அன்பாகத்தான் பேசினார்கள். எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு இல்லை என்பதால் ஒரே நாளோடு விடைபெற்றோம்.

அதன்பின் செய்த தவறைத்தான் புதிதாகத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். வீட்டுக்கல்விக் குழு என்ற பெயரிலேயே இயங்கிய ஓர் இடத்தில் மகளைச் சேர்த்தேன். வாரம் ஐந்து நாள், ஒன்பது முதல் மூன்று மணி வரை. பெற்றோர் வாசலோடு நின்றுவிட வேண்டும். 15,000 ரூபாய் முன்பணம். மூன்றாவது வாரம் மகளின் பையில் பதினேழு ஓர்க் ஷீட் இருந்தது. வேண்டாம் என்று நிறுத்தியபோது பணம் திரும்ப வரவில்லை. பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக்கூடாது என்று அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அதற்கு மேலும் தொடர்ந்தால் நாளுக்கு 10,000 வரை. பெற்றோர் கூடி, பெற்றோரே உடனிருந்து நடத்துவது வேறு. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற, கட்டணம் வாங்குகிற இடம் வேறு. அம்மாவும் அப்பாவும் உள்ளே உட்கார முடியாத எந்தக் குழுவுக்கும் அதன்பின் நான் போகவில்லை.

ஆறு மாதம் தேடுவதையே விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் பறக்கும் ரயிலில் ஏறி கோட்டூர்புரத்தில் இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடந்து போவோம். 2010இல் திறந்த நூலகம், குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, நடுவில் பெரிய செயற்கை மரம். விடுமுறை நாளில் கூட்டம் நெரியும். வேலை நாள் காலையில் பொதுவாக நாங்கள் மட்டும்தான் இருப்போம். ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, அந்த மரத்தடியில் எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் குப்புறப் படுத்து, கால்களை ஆட்டிக்கொண்டு, ஒரு தமிழ்ப் படக்கதையை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா.

“இன்னிக்கு லீவா?” என்று கேட்டுவிட்டேன். என்னிடம் எல்லோரும் கேட்கும் அதே கேள்வி.

அவர் சிரித்தார். “எங்களுக்கு ஸ்கூலே இல்லைங்க.”

நூலகத்தின் வெளிப்படிகளில் ஒரு மணி வரை உட்கார்ந்து பேசினோம். அவர் வீடு மடிப்பாக்கம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம். ஒரு வருடமாக நகரம் முழுக்கத் தேடியிருக்கிறேன், இவர் அடுத்த பேட்டையில் இருந்திருக்கிறார். எந்த வாட்ஸ்ஆப் குழுவிலும் அவர் இல்லை. தேடுகிறவர்களுக்கு நான் இப்போது முதலில் சொல்வது இதைத்தான்: வேலை நாள் காலையில் பிள்ளையோடு பொது இடங்களுக்குப் போங்கள். நூலகம், எழும்பூர் அருங்காட்சியகம், கிண்டி சிறுவர் பூங்கா. பள்ளி நேரத்தில் பள்ளி வயதுப் பிள்ளை கண்ணில் பட்டால் தயங்காமல் பேசுங்கள். எங்கள் மூன்றாவது குடும்பம் நங்கநல்லூர்க் காய்கறிக் கடையில் கிடைத்தது. இரவுப் பணி முடித்துவிட்டு வந்த ஓர் அப்பா, பத்து வயது மகளிடம் கத்திரிக்காய் விலையை மனக்கணக்காகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆளைக் கண்டுபிடித்தால் குழு ஆகிவிடாது. தொடக்கத்தில், “முடிஞ்சப்போ மீட் பண்ணலாம்” என்று விட்டோம். ஒரு நாள் எங்கள் வீட்டில் சந்திப்பதாகப் பேச்சு. மகள் ஒன்பது மணிக்கே குளித்து, பல்லாங்குழிப் பலகையைத் துடைத்து, சோழிகளைக் குழிக்கு ஐந்தாகப் போட்டு வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு வீட்டில் உறவினர் வந்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் சின்னவனுக்குச் சளி. பதினொரு மணிக்கு அவளே எழுந்துபோய், சோழிகளைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள். அழவில்லை. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அன்று மாலையே மூன்று வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசினோம். கொள்கை எதையும் பேசவில்லை. புதன்கிழமை, ஒன்பதரை முதல் பன்னிரண்டரை. வீடு மாற்றி வீடு. ஒரு வீடு வர முடியாவிட்டாலும் கூட்டம் நடக்கும். வர முடியாதவர்கள் முந்தின இரவே சொல்ல வேண்டும்; அதுவும் பெரியவர்களுக்குள் செய்தி அனுப்பினால் போதாது, அந்த வீட்டுப் பிள்ளை போனில் கூப்பிட்டு மற்றப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதிதான் குழுவைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளை தானே சொல்ல வேண்டும் என்றால், அற்பக் காரணத்துக்காக யாரும் விடுவதில்லை.

பூங்காவில் கூடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். எங்கள் பகுதி மாநகராட்சிப் பூங்காவை அப்போது பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், மாலைதான் திறப்பார்கள். அதனால்தான் வீடுகள். ஒரு வகையில் அதுவும் நல்லதாயிற்று. வீட்டுக்குள் வந்த பிறகுதான் பிள்ளைகள் ஒருவர் அம்மாவை இன்னொருவர் அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இப்போது ஐந்து குடும்பம், ஒன்பது பிள்ளைகள், வயது நான்கிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரு வீட்டில் ஆறு மணிக்கு எழுந்து அட்டவணைப்படி படிப்பார்கள். ஒரு வீட்டில் அட்டவணை என்ற சொல்லே கிடையாது. மடிப்பாக்கத்துத் தோழியின் மகன் அடுத்த வருடம் இ.எஸ்.எல்.சி. எழுதுகிறான். கல்வியைப் பற்றி நாங்கள் ஐந்து வீடும் ஒரே கருத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. கையெழுத்து அழகாக இருக்க வேண்டுமா என்று நானும் அந்தத் தோழியும் இரண்டு மாதம் வாதம் செய்திருக்கிறோம். எனக்கும் அது தேவையாக இருந்திருக்கிறது. நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கும் ஒருத்திக்கு, எதிர்த்துப் பேசவும் சமமாக உட்காரவும் இன்னொரு பெரிய ஆள் வேண்டும். அதை நான் வெகுநாள் யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு குழு நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க, அங்கே சண்டை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது என் அனுபவம். எங்கள் குழுவின் நான்காவது வாரம், மரக்கட்டைகளுக்காக என் மகன் ஒரு பையனைத் தள்ளிவிட்டான். உதடு கிழிந்து ரத்தம். எனக்குக் கை நடுங்கியது. நான் மகனை இழுத்து நிறுத்தி அதட்டுவதற்குள் அந்தப் பையனின் அம்மா தரையில் உட்கார்ந்து, ஒரு மடியில் தன் பிள்ளையையும் மறு பக்கம் என் பிள்ளையையும் இழுத்துக்கொண்டார். உதட்டில் ஐஸ் வைக்கச் சொல்லி என் மகன் கையிலேயே துணியைக் கொடுத்தார். “மெதுவாப் பிடி, ஒத்தி எடு” என்றார். பத்து நிமிடம் யாரும் யாரையும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. பிறகு இரண்டு பேரும் அதே கட்டைகளைத் தேடிப் போனார்கள். அதற்கு முன்பு நான் பார்த்த ஒரு குழுவில், இதே மாதிரி ஒரு தருணத்தில், ஓர் அம்மா வெட்கத்தால் தன் மகளை எல்லோர் முன்னாலும் அறைந்தார். அந்தக் குழுவின் பாடங்கள் எங்களுடையதைவிட எவ்வளவோ மேல்.

மாதம் ஒரு புதன் வெளியே போவோம். ஒரு மார்ச் மாத மாலை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். ஆமைகளைக் காக்கும் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் அங்கே வேலை செய்கிறது. இரவெல்லாம் கரையோரம் நடந்து, பங்குனி ஆமைகள் இட்டுவிட்டுப் போகும் முட்டைகளை எடுத்துவந்து, வேலி கட்டிய பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பாற்றுகிறார்கள். ஒரு குழியில் நூற்றுக்கு மேல் முட்டை இருக்கும். ஒன்றரை மாதம் போல ஆனதும் குஞ்சுகள் பொரிந்து வரும். மாலையில் கூடையில் கொண்டுவந்து அலைக்குச் சற்று முன்னால் விடுவார்கள். மணல் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று அமையும், சூடு கூடினால் பெண் என்று தன்னார்வலர் ஒருவர் சொன்னார். அடுத்த நான்கு புதன்கிழமை எங்கள் வீடுகளில் வேறு பேச்சே இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனால் ஆண் ஆமையே இல்லாமல் போகுமா என்று பன்னிரண்டு வயதுக்காரன் கேட்டான். ஆறு வயதுக்காரி, “அப்போ குடை பிடிக்கலாம்” என்றாள். பொரிப்பகத்தில் நிழல் கட்டினால் போதுமா என்று அதிலிருந்து ஒரு வாதம் கிளம்பியது. ஒரே வயதுப் பிள்ளைகளை மட்டும் வைத்திருந்தால் அந்தக் குடையும் அந்தக் கேள்வியும் ஒன்றை ஒன்று சந்தித்திருக்காது.

எல்லாம் நிலையாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். போன ஜூனில் ஒரு குடும்பம் மகனைப் பள்ளியில் சேர்த்தது. அவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அவனுக்குப் பிறகு வந்த முதல் புதன்கிழமை எங்கள் பிள்ளைகள் அணி பிரிக்கத் தெரியாமல் நின்றார்கள். எப்போதும் அவன்தான் பிரிப்பான். இப்போது பள்ளி விடுமுறை என்றால் அந்த வாரக் கூட்டத்தை அவன் விடுமுறை நாளுக்கு மாற்றிவிடுகிறோம்.

சென்ற வாரம் புதன்கிழமை எங்கள் வீட்டு முறை. இரவெல்லாம் வடகிழக்குப் பருவமழை அடித்து ஊற்றியது. வேளச்சேரியில் இரண்டு மணி நேரம் மழை விடாமல் பெய்தால் தெருவில் தண்ணீர் நின்றுவிடும். முந்தின இரவு எந்தப் பிள்ளையிடமிருந்தும் போன் வரவில்லை. இருந்தாலும் இந்த மழையில் யார் வரப்போகிறார்கள் என்று நான் பாய்கூட விரிக்கவில்லை. மாமியார் மட்டும் எட்டரைக்கே கொண்டைக்கடலையை குக்கரில் போட்டார். “இன்னிக்கு வர மாட்டாங்க அத்தை” என்றேன். “போன் வரலையே” என்றார்.

ஒன்பதே முக்காலுக்கு, நங்கநல்லூர் அப்பா பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி தெருமுனையில் தெரிந்தார். பின்னாலேயே மடிப்பாக்கம். பத்து மணிக்குக் கூடத்தில் ஏழு பிள்ளைகள், ஏழு ஈரத் துண்டுகள். மகள் பல்லாங்குழிப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, “அது என் முறை!” என்று ஒரு கத்தல், “நீ ஒரு சோழியை மறைச்சுட்டே!” என்று இன்னொன்று.

நான் எழப் போனேன். மாமியார் அடுப்பைக் குறைத்துவிட்டு, கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

“நீ உட்காரும்மா” என்றார். “இப்பதானே ஆரம்பிச்சிருக்குதுங்க.”